2011 ஸ்விஃப்ட் டீசல்: காலையில் ஸ்டார்ட் செய்ததும் கரகர சத்தம், முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி (திருப்பூர்)

போன மாதம் 2011 ஸ்விஃப்ட் விடிஐ ஒன்று வாங்கினேன். மீட்டரில் 1,32,000 கி.மீ. சர்வீஸ் புக் இல்லை, பில்லும் இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பெல்ட் பக்கம் கரகரவென்று சத்தம், ஓரிரு நொடியில் அடங்கிவிடுகிறது. ஒரு மெக்கானிக் ஃப்ளஷ் (கசடு கரைக்கும் திரவம்) ஊற்றி இன்ஜினைக் கழுவலாம் என்கிறார். இன்னொருவர் கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்கிறார். அப்பா அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப்போகும் வண்டி, வழியில் நிற்கக் கூடாது.

பதில் (பொள்ளாச்சி)

தம்பி, இரண்டுமே வேண்டாம். என் ரிட்ஸிலும் இதே 1248 சிசி இன்ஜின்தான். ஃபியட் வடிவமைத்தது. வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்க இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும், மேலே ஏறும்வரை செயின் தளர்வாக ஆடும். நீங்கள் கேட்கும் சத்தம் அநேகமாக அதுதான். கெட்டி ஆயில் ஊற்றினால் அது ஏற இன்னும் நேரமாகும். ஃப்ளஷ் ஊற்றினாலோ, பல வருஷமாகப் படிந்த கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள சல்லடையை அடைக்கும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். வெறும் கறுப்பு ஆயில் ஒட்டினால் பரவாயில்லை, டீசலில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும். கண்மை மாதிரிக் கெட்டியாக வந்தால் ஆயில் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து, ஹேண்ட்புக்கில் சொன்ன கிரேடு ஊற்றி, ஃபில்டரையும் அதன் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். 3,000 கி.மீ.யில் மறுபடி ஒருமுறை. கசடு மெதுவாகக் கரைந்து வர அதுதான் வழி. அப்புறம் 7,500-க்கு ஒருமுறை, ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை.

அதற்குப் பிறகும் சத்தம் நீண்டாலோ, சூடான இன்ஜினில் வந்தாலோ, ஓட்டாதீர்கள். செயின், டென்ஷனர், செயினை வழிநடத்தும் கைடு எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும்.

பதில் (ஈரோடு)

அண்ணன் சொன்னது சரி. கூலன்ட்டையும் பாருங்கள். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு, அதை ஊற்றி ஓட்டியிருந்தால் ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்திருக்கும். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள், அது இன்ஜெக்டருக்குப் போனால் செலவு பெரிது.

கேட்டவர்

மூடியில் கண்மை மாதிரித்தான் ஒட்டியது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாச்சு. சத்தம் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. பழனி போகலாமா அண்ணா?

பதில் (பொள்ளாச்சி)

இந்த மாதம் பஸ்ஸில் போய் வாருங்கள் தம்பி. அதற்குள் டைமிங் கவரைத் திறந்து செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, ஆர்.சி.யில் பதிவுத் தேதியைப் பாருங்கள். 2011 பதிவு என்றால் 15 வருஷக் கணக்கு 2026-ல் முடிகிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துப் பதிவைப் புதுப்பித்தால் 5 வருஷம் கிடைக்கும். செயினுக்குச் செலவு செய்யுமுன் அடிப்பக்கம் துருவையும் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.