வசனம் வந்ததும் நடிப்பு போய்விடுகிறது: என்ன பயிற்சி தரலாம்?

மதுரைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் 14 பேருக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். ஜூலையில் தொடங்கினோம், சனிக்கிழமைதோறும் 2 மணி நேரம். ஜனவரியில் ஆண்டு விழா. 40 நிமிட நாடகம்.

வசனமே கொடுக்காமல் ஒரு சூழலைச் சொல்லி நடிக்கச் சொன்னால் அசத்துகிறார்கள். எழுதிய வசனம் கைக்குப் போன மறுவாரமே பேச்சுப்போட்டி மேடையாகிவிடுகிறது. கடைசிச் சொல்லை இழுக்கிறார்கள், கை தானாக மேலே எழுகிறது, கண் எதிரில் நிற்பவரை விட்டுவிட்டுப் பின்சுவரைப் பார்க்கிறது. அப்பா இறந்த செய்தியைக் கேட்க வேண்டிய பையன், சொல்பவள் வாய் திறக்கும் முன்பே விசும்பத் தொடங்குகிறான்!

அமெரிக்க நடிப்பு ஆசிரியர் மைஸ்னரின், ஒருவர் சொன்னதையே எதிராளி திரும்பச் சொல்லும் பயிற்சியை மூன்று வாரம் செய்தோம், சிரிப்பில் முடிந்தது. ‘இந்த நிலையில் நான் இருந்தால்?’ என்ற ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் கேள்வியை வைத்துக் குறிப்பேடு எழுதவைத்தேன். குறிப்பேடுகள் அருமை, நடிப்பு பழையபடியே. கைப்பேசியில் பதிவுசெய்து காட்டியதும் கூச்சம்தான் கூடியது. ஒரே ஒருமுறை, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பேசவைத்தபோது குரல் இயல்பாக வந்தது. வெங்காயத்தை எடுத்ததும் அதுவும் போயிற்று.

சொந்தத் துயரத்தைக் கிளறி அழவைக்கும் பயிற்சியை 16 வயதுப் பிள்ளைகளிடம் தொடமாட்டேன். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே பிற்காலத்தில் உணர்ச்சியை நேராகத் தேடாமல் உடற்செயல்களிலிருந்து தொடங்கும் முறையின் பக்கம் திரும்பியவர்தானே.

வசனம் மனப்பாடமான பிறகும் எதிராளி பேசுவதை நிஜமாகவே காதுகொடுத்துக் கேட்கவைக்க, இந்த வயதினரிடம் உங்களுக்குப் பலித்த பயிற்சி எது?