வீட்டு ஒர்க்‌ஷாப் தரைக்கு எபாக்ஸி தாங்குமா?

லேத்தம்பி (கோவை):
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 12க்கு 18 அடி ஷெட். சின்ன லேத், பெஞ்ச் டிரில், ஒரு மூலையில் ஆர்க் வெல்டிங். பழைய சிமெண்ட் தரை. பெருக்கப் பெருக்கத் தூசி வருகிறது, ஆயில் சொட்டினால் உறிஞ்சிக்கொள்கிறது. எபாக்ஸி என்பது ரெண்டு பாகத்தைக் கலந்து பூசினால் கெட்டியாக இறுகும் பிசின் பூச்சாம். கடைக்காரர், "ரெண்டு கோட் எபாக்ஸி அடிச்சா பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார். நம்பலாமா?

இழைப்புளி:
எனக்கு மரவேலை மட்டும்தான். சாதாரணத் தரை எனாமல் அடித்திருக்கிறேன், நடமாட்டத்துக்குப் போதும். பைக் நிறுத்தும் இடத்தில் மட்டும் டயரோடு ஒட்டி உரிந்துவிட்டது. லேத் இருக்கும் இடத்துக்குச் சொல்ல மாட்டேன்.

தளம்போடுபவன்:
தம்பி, எந்த டப்பா என்பது அப்புறம். முதலில் கீழிருந்து ஈரம் ஏறுகிறதா பாருங்க. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்க. அடியில் வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ எபாக்ஸி வேண்டாம். கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அப்படியானால் லிதியம் சிலிகேட் ஹார்டனர் போதும். அது தரைக்குள்ளேயே இறங்கி இறுக்கும், உரிந்து வர மேலே படலமே இருக்காது. தூசி நிற்கும். ஆயில் கறை மட்டும் கொஞ்சம் பிடிக்கும்.

ஈரம் இல்லையென்றால் எபாக்ஸிதான். ஆனால் ஆயில் போகக் கழுவி, கிரைண்டரில் வைரக் கப் வீல் (வைரத்துகள் பதித்த கிண்ண வடிவத் தேய்ப்புச் சக்கரம்) போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் தண்ணீர் தெளித்தால் உறிஞ்ச வேண்டும். முத்து முத்தாக நின்றால் இன்னும் ஆயில் இருக்கிறது.

லேத்தம்பி:
ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதாதாங்க அண்ணா? தேய்த்தால் ஊரே தூசி. வெல்டிங் மூலைக்கு என்ன செய்ய?

தளம்போடுபவன்:
ஆயில் ஊறிய இடத்தில் ஆசிட் பிடிக்காது. லேத் பக்கத்திலேயே ஆசிட் புகை விட்டால் லேத்தின் பெட் (அதன் இரும்பு அடித்தளம்) துருப்பிடிக்கும், அதையும் யோசியுங்க. வாக்குவம் மாட்டிய கிரைண்டர் வாடகைக்குக் கிடைக்கும்.

வெல்டிங் மூலையை எபாக்ஸி இல்லாமல் விட்டுவிடுங்க. பொறி விழுந்த இடமெல்லாம் கருகும். அங்கே ஹார்டனர் மட்டும் போதும், இல்லையென்றால் கோட்டா கல் பதியுங்க.

உங்கள் 216 சதுர அடிக்கு 2 மி.மீ. கனத்துக்கு செல்ஃப் லெவலிங் (ஊற்றினால் தானே பரவி மட்டமாகும் எபாக்ஸி) என்றால் சுமார் 40 லிட்டர் பிடிக்கும். வீட்டு ஷெட்டுக்கு அது வீண் செலவு. பிரைமர், மேலே ரெண்டு ரோலர் கோட் போதும். முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே குவார்ட்ஸ் மணலைத் தூவுங்க, ஆயில் சிந்தினால் வழுக்காது. கலந்ததை வாளியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீங்க, சூடேறிக் கல்லாகிவிடும். கலந்த உடனே தரையில் கொட்டிப் பரப்புங்க. கோடையில் என்றால் காலையிலேயே. ஷட்டர் பக்கம் வெயில் விழுந்தால் மஞ்சளாகும், அங்கே பாலியூரிதேன் மேல்கோட் அடியுங்க.

லேத்தை நகர்த்த முடியாவிட்டால் சுற்றி அடித்து விட்டுவிடுங்க. அடியில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

லேத்தம்பி:
சரிங்க அண்ணா, இன்று ராத்திரியே ஷீட் ஒட்டிவிடுகிறேன்.