எட்சிங் பாட்டில் உப்பிக்கிட்டே போகுது, தொண்டை எரியுது. அவசரம்

டிராக்அறுந்தவன்
பிசிபி (சர்க்யூட் போர்டு) எட்ச் பண்ணேன், அதாவது வேண்டாத செம்பைக் கரைச்சு எடுக்கிற வேலை. போர்டைப் போட்டதும் புஸ்ஸுனு பொங்கி பச்சையாச்சு, ஒரே நெடி. ரெண்டே நிமிஷத்துல செம்போட, அதைக் காக்க மேல ஒட்டியிருந்த டோனரும் (பிரிண்டர் மை) உரிஞ்சு வந்துடுச்சு. மிச்சத்தை பாட்டில்ல ஊத்தி இறுக்கி மூடினேன், இப்ப பாட்டில் உப்புது. விகிதம் சரியாத்தான் போட்டேன், ரெண்டுக்கு ஒண்ணு. எங்க தப்பு?

ஈயப்புகை
எதுக்கு எது ரெண்டுக்கு ஒண்ணு? எட்சிங் கரைசல் எது, ஃபெர்ரிக் குளோரைடா, பெர்சல்ஃபேட்டா, ஆசிட்-பெராக்சைடா? போர்டு என்ன அளவு? பாட்டில் பிளாஸ்டிக்கா, கண்ணாடியா?

மைக்ரோஃபாரட்
ஃபெர்ரிக் குளோரைடாத்தான் இருக்கும். கறுப்புத்தூள் வாங்கியிருப்பார். மஞ்சள் கட்டியா வர்றதுல ஏற்கெனவே நீர் சேர்ந்திருக்கும், சாதுவாக் கரையும். கறுப்புத்தூள் அப்படியில்ல. தண்ணியில பட்டதும் கடுமையாச் சூடாகி ஆசிட் நெடி கிளம்பும். தூளைத்தான் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். தூள் மேல தண்ணி ஊத்தினா முகத்துல தெறிக்கும்.

ஓம்விதி
ஃபெர்ரிக் குளோரைடு பாட்டிலை உப்ப வைக்காது. உப்புதுன்னா வாயு வருது, அவ்வளவுதான். கேள்வி கேட்பதற்கு முன் என்ன கலந்தோம் என்று எழுதக்கூடவா சொல்லித்தர வேண்டும்? லேபிளைப் படிக்காதவர்கள் ஆசிட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஈயப்புகை
பாடம் அப்புறம் எடுக்கலாம் சார். தம்பி, முதல்ல அந்த அறையை விட்டு வெளிய வா, ஜன்னல் கதவெல்லாம் திற. நெடி குளோரினா இருந்தா காத்தை விடக் கனம், தரையோட தேங்கும், அதனால குனிஞ்சு எதையும் தேடாத. பாட்டில் சூடா இருந்தாலோ, கல்லு மாதிரி விறைச்சிருந்தாலோ தொடவே தொடாத. யாரையும் அந்தப் பக்கம் விடாம தீயணைப்புக்குச் சொல்லு. சூடே இல்லாம, அமுக்கினா கொஞ்சமாவது குழைஞ்சாத்தான் அடுத்த வேலை: கண்ணை முழுசா மூடுற கண்ணாடி, நைட்ரைல் கையுறை, திறந்த வெளி. மூடி மேல ஈரத்துணி, முகத்தை அப்பால திருப்பிக்கிட்டு கால் சுத்து மட்டும் திருகு. சீறி அடங்கினப்புறம் இன்னொரு கால் சுத்து.

டிராக்அறுந்தவன்
ஆசிட் பெராக்சைடுதான், எல்லாரும் அதைத்தானே பண்றீங்க. ஹைட்ரஜன் பெராக்சைடு 100 மில்லி, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 50. போர்டு 10க்கு 5 செ.மீ., ஒரு பக்கம். பிளாஸ்டிக் பாட்டில், ஒரு லிட்டர். சூடு இல்ல. வெளிய கொண்டுவந்துட்டேன்.

ஈயப்புகை
பெராக்சைடு எத்தனை சதவீதம்?

டிராக்அறுந்தவன்
சதவீதம் எதுவும் போடல. 100 வால்யூம்னு இருக்கு.

செம்புத்தகடு
அதான் விஷயமே. 10 வால்யூம்னா சுமார் 3 சதவீதம், 20னா 6. 100 வால்யூம்னா 30 சதவீதம். ரெண்டுக்கு ஒண்ணுங்கிறது 3 சதவீதத்துக்கான கணக்கு. நீங்க பத்து மடங்கு ஊத்தியிருக்கீங்க.

35 மைக்ரான் தடிமன் செம்பு, 50 சதுர செ.மீ., முழுசும் கரைஞ்சாக்கூட 1.6 கிராம்தான். அதுக்கு வேண்டிய பெராக்சைடு ஒரு கிராம்கூட இல்ல, நீங்க போட்டது 30 கிராம். மிச்சம் ரெண்டு வழியா வெளிய வரும். ஒண்ணு, ஆசிட்டோட சேர்ந்து குளோரின், உங்க தொண்டையில எரியறது அது. இன்னொண்ணு, கரைசல்ல இருக்கிற செம்பு பெராக்சைடை உடைச்சு ஆக்சிஜன் விடும். வால்யூம்னா அதான் அர்த்தம்: ஒரு மில்லி 100 மில்லி ஆக்சிஜன் தரும். உங்க 100 மில்லிக்கு 10 லிட்டர். அதுல பாதியே வந்தாலும் ஒரு லிட்டர் பாட்டில் எப்படித் தாங்கும்?

அடுத்த தடவை, 100 வால்யூம் 6 மில்லியை 54 மில்லி தண்ணியில கலந்துட்டு, அதுல 30 மில்லி ஆசிட்டை மெதுவா ஊத்துங்க. ஆசிட் எப்பவும் கடைசி. இந்த போர்டுக்கு அது தாராளம். பொங்காது, சின்னக் குமிழி மட்டும் தெரியும்.

மைக்ரோஃபாரட்
இதுக்குத்தான் ஃபெர்ரிக் குளோரைடே போதும்ங்கிறேன். குளோரின் தொல்லை இல்ல, 40 டிகிரில வெச்சு ஆட்டிக்கிட்டே இருந்தா சுத்தமா எடுக்கும்.

ஓம்விதி
கறை படிந்த துணியும், ஓட்டை விழுந்த எவர்சில்வர் சிங்க்கும் தொல்லை இல்லையாக்கும். செம்பு கரைந்து உண்டாகும் செப்பு குளோரைடு பச்சையாக இருக்கும்வரை அதுவே எட்ச் செய்யும். பழுப்பாகும்போது காற்றை ஊதிவிட்டு, அவ்வப்போது கொஞ்சம் ஆசிட் சேர்த்தால் போதும், பெராக்சைடே வேண்டாம்.

மைக்ரோஃபாரட்
வீட்டுக்குள்ள ஆசிட் ஆவி விட்டு ஸ்க்ரூடிரைவர் எல்லாம் துருப்பிடிக்க வெக்கிறதை விட கறை மேல். கறைக்கு ஆக்சாலிக் ஆசிட் இருக்கு, நுரையீரலுக்கு?

சால்டர்சாமி
ரெண்டு பேரும் அப்புறம் மல்லுக்கட்டுங்க. மிச்சக் கரைசலை என்ன பண்றதுன்னு யாருமே சொல்லல. அலுமினியம் ஃபாயில் போட்டா செம்பு கீழ படிஞ்சிடும், தெளிஞ்ச தண்ணியைக் கொட்டிடலாம்.

செம்புத்தகடு
ஃபாயில் வேண்டவே வேண்டாம்! ஆசிட், செப்பு குளோரைடு ரெண்டும் சேர்ந்தா அலுமினியம் வெறி பிடிச்ச மாதிரி கரையும். கொதிச்சுத் தெறிக்கும், ஹைட்ரஜன் வேற. பிளீச்சிங் கரைசலும் பக்கத்துல வரக்கூடாது, மறுபடி குளோரின்தான். இப்ப சலவை சோடாவும் போடாதீங்க. பெராக்சைடு மிச்சம் இருக்கும்போது காரம் சேர்ந்தா இன்னும் வேகமா உடையும். அகலமான பிளாஸ்டிக் வாளியில தளர்வா மூடி, வெளிய, குழந்தைங்க கைக்கு எட்டாம, குமிழி அடங்குற வரைக்கும் சில நாள் விடுங்க. அப்புறம் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையா. நுரைச்சு ஏறும், வாளி பாதிக்கு மேல நிறைஞ்சிருக்கக் கூடாது. பிஎச் 7, 8 வந்ததும் நீலப்பச்சை வண்டல் இறங்கும். அந்த வண்டல்லதான் செம்பு, மீனுக்கு விஷம். வடிகட்டி ஆபத்துக் கழிவாக் குடுக்கணும், சாக்கடையில இல்ல.

டிராக்அறுந்தவன்
மூடி தளர்த்தியாச்சு. ரெண்டு நிமிஷம் சீறிட்டு அடங்குச்சு. வாளியில மாத்திட்டேன். போர்டுல ஒட்டியிருக்கிற டோனரை அசிட்டோன் வெச்சு இப்பவே துடைச்சிடவா?

செம்புத்தகடு
இப்ப வேண்டாம். போர்டை ஓடுற தண்ணியில நல்லா அலசிக் காய வெச்சப்புறம், வேற இடத்துல. அசிட்டோனும் அந்தத் துணியும் வாளிப் பக்கமே போகக் கூடாது. ஆசிட்டோட பெராக்சைடும் அசிட்டோனும் சேர்ந்தா வெடிக்கிற பொருள் உண்டாகும்.

ஈயப்புகை
தொண்டை எப்படி இருக்கு? குளோரின் சுவாசிச்சிருந்தா மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழிச்சுக்கூட வரும். இருமல் நிக்கலன்னா, நெஞ்சு இறுகினா, காத்திருக்காம ஆஸ்பத்திரி. என்ன கலந்தேன்னு ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போ. கண்ணு எரிஞ்சா 15 நிமிஷம் தண்ணி ஓட விட்டுக் கழுவிட்டுத்தான் கிளம்பணும்.

டிராக்அறுந்தவன்
இருமல் இருக்கு. கிளம்புறேன். நன்றிண்ணே.

ஓம்விதி
இதெல்லாம் லேபிளில் இருந்தது.

சால்டர்சாமி
லேபிள்ல 100 வால்யூம்னுதான் இருந்துச்சு. அதுக்கு அர்த்தம் அங்க எங்க எழுதியிருக்கு?

செம்புத்தகடு
டிராக்அறுந்தவன், திரும்பி வந்ததும் ஒண்ணு பாருங்க. அந்த 100 வால்யூம் அதோட சொந்தப் பாட்டில்லதானே இருக்கு? அந்த மூடியில காத்துப்போக வழி வெச்சிருப்பாங்க. வேற பாட்டிலுக்கு மாத்தி இறுக்கி மூடியிருந்தா அதுவும் உப்பும்.