மெட்ரோ வந்தால் ஓசூரில் நிலையத்தைச் சுற்றி என்ன மாறும்?

பாகலூர் ரோட்டுக்காரர்:
2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரைக்கும் ஓட ஆரம்பித்ததிலிருந்து, அதை ஓசூர் வரை நீட்டுவார்கள் என்று இங்கே எந்த மனை புரோக்கரிடம் பேசினாலும் மெட்ரோ பேச்சுதான். நிலையம் வந்தால் சுற்றியுள்ள இடம் நிஜமாகவே மாறுமா, இல்லை விலை மட்டும் ஏறுமா?

மத்திகிரி:
மாறும் அண்ணா, ஆனால் பெரும்பாலும் நடந்துபோகும் தூரத்துக்குள்தான். தனி வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புவார்கள், தரைத்தளம் கடையாகும், மாடி பிஜி (வாடகை விடுதி) ஆகும். நடைபாதையும் ஷேர் ஆட்டோவும் சரியாக இல்லையென்றால் கொஞ்சம் தள்ளியிருக்கும் தெருவுக்குக்கூட பெரிய பலன் இருக்காது.

சிப்காட் ஷிப்ட்:
எனக்குக் கவலை வாடகைதான். ஹாங்காங்கில் மெட்ரோ நிறுவனமே நிலையத்தின் மேல் வீடும் மாலும் கட்டி, அந்த வருமானத்தைப் பாதை போடுவதற்குத் திருப்புகிறது. இங்கே ஏறுகிற விலை முன்பே நிலம் வளைத்தவருக்குப் போகும், கம்பெனிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தொழிலாளி ஊருக்கு வெளியே போக வேண்டியதுதான். நிலையத்தையொட்டி குறைந்த வாடகை வீடுகளை அரசு இப்போதே திட்டமிட வேண்டும்.

தளி ரோடு:
அப்புறம் இன்னொன்று. மஞ்சள் பாதைக்கு 750 வோல்ட், தண்டவாளத்தை ஒட்டிய மின்தடம். சென்னை மெட்ரோவுக்கு 25,000 வோல்ட், மேலே கம்பி. ஓசூர்ப் பக்கத்துப் பாதையைச் சென்னை மெட்ரோ முறையில் போட்டால், ரெண்டையும் இணைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பேச்சை நம்பிக் கடன் வாங்காதீர்கள் அண்ணா, மனைக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.