கவசக் கடி: லண்டன் ஹரோ வீட்டு அரட்டைக் குழுவில் ஒரு வார இறுதி

முகுந்தன், சனி, மு.ப. 9.14
அனைவருக்கும் காலை வணக்கம். ஏழு வாரங்களாகக் கராஜைப் பூட்டிக்கொண்டு நான் என்ன செய்கிறேன் என்று கேட்டவர்களுக்கு இதோ படம். 1977-இல் வெளிவந்த முதலாவது ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் வெள்ளைக் கவச வீரனின், அதாவது ஸ்டோர்ம்ட்ரூப்பரின், உடுப்பைத் திரையில் கண்டபடியே செய்துகொண்டிருக்கிறேன். தலைக்கவசமும் கால்களும் முடிந்துவிட்டன; உடம்பும் கைகளும் இன்னும் ஒட்டப்படவில்லை.

பெரியப்பா, மு.ப. 9.31
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைக்கவசத்தின் இரு பக்கமும் ஒன்றுபோல இல்லை. கன்னத்திலுள்ள நீலக் கோடுகள் நடுங்கும் கையால் கீறியவைபோலத் தெரிகின்றன. காசு கொடுத்து வாங்கிய பொருளென்றால் திருப்பி அனுப்பிவிடு.

முகுந்தன், மு.ப. 9.48
அந்தக் கோடுகளைக் கீறியவன் நான்தான், பெரியப்பா. ஹம்ப்ரோல் எனாமலில் 14-ஆம் எண் நீலத்தை எடுத்துத் தூரிகையால் வேண்டுமென்றே அப்படிக் கீறினேன். படப்பிடிப்பில் சாதாரண வீரர்கள் அணிந்த தலைக்கவசங்களில் அவை அவசரமாகக் கையால் கீறப்பட்டவை. அச்சிட்ட ஒட்டுத்தாளைப் போட்டால் அழகாக இருக்கும், ஆனால் அது வேறொரு உடுப்பாகிவிடும். முகம் கோணலாக இருப்பதற்குக் காரணம், மூல உருவம் கையால் வனையப்பட்டதுதான். உடற்கவசத்தைக் களிமண்ணில் வனைந்தவர் பிரையன் மியூர். டுவிக்கன்ஹாமில் இருந்த அன்ட்ரூ எயின்ஸ்வர்த், சூடாக்கி இளகவைத்த பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் விரித்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துத் தலைக்கவசத்தையும் உடற்கவசத்தையும் வார்த்தார். படப்பிடிப்பு நடந்த எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோ நம் வீட்டுக்குப் பக்கத்துப் போரம்வுட்டில்தான் இருக்கிறது.

பெரியப்பா, மு.ப. 10.05
எயின்ஸ்வர்த் என்ற பெயரைக் கேட்டதும் வழக்கு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அவர் பழைய அச்சுகளை வைத்துத் தலைக்கவசங்களைச் செய்து விற்றபோது லூகாஸ்ஃபில்ம் நிறுவனம் அவர்மேல் வழக்குப் போட்டது. 2011-இல் இந்நாட்டு உச்ச நீதிமன்றம், இத்தலைக்கவசம் படத்துக்குப் பயன்படும் ஒரு பொருளேயன்றிச் சிற்பம் அன்று, ஆகவே சிற்பத்துக்குரிய பதிப்புரிமை இதற்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஐம்பது வருடச் சட்டத்தரணித் தொழிலில் நான் விரும்பி வாசித்த தீர்ப்புகளுள் அதுவும் ஒன்று. அந்தச் சிற்பமல்லாத பொருளின் மூக்கு நேராக இருக்கிறதா என்று நான் பார்த்தது பிழைதான்.

யாழினி, மு.ப. 10.22
அண்ணா, முழங்காலில் துருத்திக்கொண்டிருக்கும் தடித்த தகட்டை நீங்கள் வலது காலில் ஒட்டியிருக்கிறீர்கள். படத்தில் வரும் வீரர்களுக்கு அது இடது காலில் இருக்கிறது. உங்கள் மேசைக்கு மேலே தொங்கும் மாதிரிப் படம், யாரோ ஒரு ரசிகர் நிலைக்கண்ணாடியின் முன் நின்று எடுத்த படம். பின்னால் இருக்கும் நாட்காட்டியின் எழுத்துகள் இடம் வலமாக மாறி இருப்பதை நீங்கள் கவனிக்கவில்லையா?

முகுந்தன், மு.ப. 10.24
இல்லை.

முகுந்தன், மு.ப. 10.58
சரிபார்த்துவிட்டேன், யாழினி சொல்வதே உண்மை. நல்லவேளையாக, நான் ஒட்டியது ஈ6000 என்ற பசையால். பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்கிவிடும் கரைப்பான் பசையைப் போட்டிருந்தால் இரண்டு கணைக்கால்களும் குப்பைக்குத்தான் போயிருக்கும். இந்தப் பசை இறுகுவதற்கு ஒன்றிரண்டு நாள் எடுக்கும், அதுவரை காந்தங்களையும் கவ்விகளையும் பூட்டிவைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும் என்று இவ்வளவு நாளும் நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். இறுகிய பிறகும் ரப்பர்போல இருப்பதனால், விளிம்பில் மெல்லப் பிடித்து இழுத்தபோது தகடு உரிந்து வந்துவிட்டது. காய்ந்த பசையை விரலால் உருட்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ராஜி சித்தி, மு.ப. 11.20
தம்பி, அந்தப் படத்தில் எனக்கு வேறொரு குறை தெரிகிறது. தொடைக்கவசம் உன் தொடையில் நிற்கவில்லை, வாளிக்குள் கால் விட்டதுபோல ஆடுகிறது. யாருடைய அளவுக்கு வெட்டினாய்?

முகுந்தன், மு.ப. 11.33
பெட்டியில் வந்த தகடுகளில் இருந்த கோட்டை ஒட்டியே வெட்டினேன், சித்தி. தொடை முன்பாதி, பின்பாதி என்று இரண்டாக வரும்; அவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்து, இணைப்பின்மேல் ஒரு பட்டியை ஒட்டி மறைக்கவேண்டும். கைகளுக்கு அப்பட்டி 15 மில்லிமீட்டர் அகலம், கால்களின் முன்பக்கத்துக்கு 20, பின்பக்கத்துக்கு 25.

ராஜி சித்தி, மு.ப. 11.47
அப்படியென்றால் இது நான் முப்பது வருடமாகச் செய்யும் வேலைதான். சாரிச் சட்டை பெரிதாக இருந்தால் எந்தத் தையல்காரியும் முன்பக்கத்தில் கை வைக்கமாட்டாள், பார்ப்பவர் கண்ணில் படாத இடத்தில்தான் பிடிப்பாள். முன் இணைப்பின் இரு பக்கமும் பத்துப் பத்து மில்லிமீட்டர் விளிம்பு அப்படியே இருக்கட்டும்; அதிகமாக உள்ளதையெல்லாம் பின் இணைப்பில் கழி. கழிப்பதற்கு முன் பசையைத் தொடாதே. வெள்ளை ஒட்டுநாடாவால் சுற்றிக் கட்டி, நடந்து பார்த்து, குனிந்து பார்த்து, அதற்குப் பிறகு பென்சிலால் குறி. நாங்கள் ஓட்டுத் தையல் போட்டுப் பார்ப்பது எதற்காக என்று நினைக்கிறாய்? இன்னொன்று, உள்ளே போடும் கறுப்பு உடுப்பையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்கவேண்டும். வெறுங்காலில் பார்த்த கணைக்கால் அளவு சப்பாத்துப் போட்டதும் பிழைத்துவிடும்.

முகுந்தன், மு.ப. 11.55
வெறுங்காலில்தான் பார்த்தேன், சித்தி. பின் இணைப்பைப் பிரித்து மாலைக்குள் திரும்ப வெட்டுகிறேன். இடுப்பில் இதற்கு நேர்மாறான பிரச்சினை இருக்கிறது: வயிற்றுத் தகட்டுக்கும் முதுகுத் தகட்டுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. உடம்பைக் குறைப்பதா, தகட்டைக் கூட்டுவதா என்று யோசித்து இரண்டாவதைத் தேர்ந்துகொண்டேன். மிஞ்சிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் துண்டுகளை அசிற்றோன் என்ற கரைப்பானில் ஊறவைத்தால் அவை கரைந்து களிபோல ஆகிவிடும். ஓரத்தில் ஒரு துண்டைச் சேர்த்து, இணைப்பில் அந்தக் களியைப் பூசிக் காயவிட்டு, 400-ஆம் எண்ணில் தொடங்கி மிக நைசான 2000 வரைக்கும் மணல்தாளை நனைத்துத் தேய்த்தால் சேர்த்த இடமே தெரியாது. அதே நிறத் தகடு, அதே பிளாஸ்டிக் என்பதால் நிறப்பூச்சும் வேண்டியதில்லை. அடுத்து, கணைக்கால் சற்று விரிந்து நிற்கிறது. கொதிநீரில் பிடித்து வளைக்கவேண்டும். சித்தியின் பெரிய பொங்கல் பானை கிடைக்குமா?

ராஜி சித்தி, மு.ப. 11.58
கிடைக்காது.

யாழினி, ஞாயிறு, பி.ப. 4.40
அண்ணா முதன்முறையாக முழுக் கவசத்தையும் அணிந்துவிட்டார். (கணைக்காலை வளைக்கப் பழைய பானையொன்றை வாங்கித் தந்தவள் நான் என்பதையும் பதிந்துவைக்கிறேன்.) நிற்கிறார், நடக்கிறார், ஆனால் உட்காரமுடியவில்லை. மாடிப்படியில் பக்கவாட்டாக நண்டுபோல இறங்கினார். தலைக்கவசத்துக்குள்ளிருந்து தன் கால் தெரியவில்லையாம்.

முகுந்தன், பி.ப. 5.25
கழற்றிவிட்டேன். உண்மையில், கண்ணுக்கு நேரே இருப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. படத்திலேயே கட்டுப்பாட்டு அறைக்குள் நுழையும் வீரரொருவர் கதவின் மேல்விளிம்பில் தலையை முட்டிக்கொள்வார். அக்காட்சி அப்படியே படத்தில் இருக்கிறது, 2004-இல் வந்த டிவிடியில் அதற்கு ‘டங்’ என்று ஓர் ஒலியையும் சேர்த்துவிட்டார்கள். நேற்றுவரை நானும் அவரைப் பார்த்துச் சிரித்தவன்தான். புதுச் சப்பாத்துக் கடிப்பதைப்போல இதற்கும் ஒரு கவசக் கடி உண்டு: தொடையின் உட்புறத்திலும் அக்குளிலும் தகட்டின் விளிம்பு கவ்வித் தோலைச் சிவக்கவைத்துவிட்டது. அங்கே உட்பக்கமாக மடிந்திருக்கும் விளிம்பைச் சற்று வெட்டி வட்டமாகத் தேய்க்கவேண்டும், ஆனால் வெளியே தெரியும் மடிப்பை வெட்டக்கூடாது. அந்த மடிப்புத்தான் மெல்லிய தகட்டைத் தடித்த கவசம்போலக் காட்டுகிறது.

ராஜி சித்தி, பி.ப. 5.41
தோள் தகடு நெஞ்சிலிருந்து விலகி விலகிப் போவதை யாழினியின் காணொளியில் பார்த்தேன். உள்ளே தொங்கவிட்டிருக்கும் இலாஸ்டிக் நீளம் கூடிவிட்டது. நாளை பின்னேரம் கொண்டுவா. ஒரு அங்குலம் குறைத்து, அழுத்துப் பொத்தானை மாற்றித் தைத்துத் தருகிறேன். இலாஸ்டிக்கைப் பசையால் ஒட்டாதே, கழுவமுடியாமல் போய்விடும்.

பெரியப்பா, பி.ப. 6.02
இவ்வளவு பாடுபட்டு அணிந்து எங்கே போவதாக உத்தேசம்?

முகுந்தன், பி.ப. 6.15
501-ஆம் படையணி என்று ஓர் உலகளாவிய ரசிகர் அமைப்பு இருக்கிறது, பெரியப்பா. 1997-இல் அமெரிக்காவில் அல்பின் ஜோன்சன் என்பவர் தொடங்கியது. கவசம் அணிந்து மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்கும் போவார்கள். அதில் சேர, முன்புறத்திலும் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களை அனுப்பவேண்டும். வாய்ப்பகுதியில் திறந்திருக்கும் பற்களின் எண்ணிக்கைவரை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்த வகைத் தலைக்கவசத்துக்குப் பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு. முதற்படத்தை இப்போதே இங்கே அனுப்புகிறேன், அவர்களுக்கு முன் நீங்கள் பாருங்கள்.

பெரியப்பா, பி.ப. 6.33
பற்களை எண்ணினேன், எட்டு இருக்கின்றன. முழங்கால் தகடு இடது காலில் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி: இது நேரே எடுத்த படமா, கண்ணாடியில் எடுத்த படமா?

முகுந்தன், பி.ப. 6.34
யாழினி நேரே நின்று எடுத்தாள், பெரியப்பா.