விரைவு யூரியேஸ் பரிசோதனை: ஜெல் கிட்டா, உலர் தாள் கிட்டா?

குமுளி ஆய்வகர்:
வணக்கம். குமுளியில் ஒரு சிறிய எண்டோஸ்கோபி மையத்தின் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டறிய, எண்டோஸ்கோபியில் எடுத்த இரைப்பைத் திசுத் துண்டை வைத்து 24 மணி நேரம் வரை நிறமாற்றம் பார்க்க வேண்டிய ஜெல் கிட்டைப் பயன்படுத்தி வருகிறோம். ஒரு மணி நேரத்தில் முடிவு தரும் உலர் தாள் கிட்டுக்கு மாறலாமா என்று எங்கள் மருத்துவர் கேட்கிறார். ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு முடிவுக்காக மறுநாளும் வரமாட்டார்கள் என்பதால் வேகம் எங்களுக்குத் தேவைதான். ஆனால் துல்லியம் குறைந்துவிடுமோ என்று தயங்குகிறேன். மார்கழி, தை மாதங்களில் எங்கள் அறை நன்றாகக் குளிர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கம்பம் மருத்துவர்:
இரண்டின் அடிப்படையும் ஒன்றே. கிருமியின் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்க, காரத்தன்மை கூடி, மஞ்சள் நிறம் சிவப்பாக மாறுகிறது. ஆகவே திசுத் துண்டில் கிருமி போதிய அளவு இல்லையென்றால் எந்த கிட்டும் உதவாது. உங்களிடம் வருவோரில் பலர் 'கேஸ் மாத்திரை' என்று கடையில் தாமே வாங்கிப் பான்டோப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். பரிசோதனைக்கு முன் அதை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்திவைக்காமல் செய்தால் கிருமி இருந்தும் நெகட்டிவ் வரலாம். அம்மாத்திரையால் கிருமி ஆன்ட்ரத்தில் (இரைப்பையின் கீழ்ப்பகுதியில்) குறைந்து, இரைப்பையின் மேற்பகுதியில் தங்கிவிடுவதும் உண்டு என்பதால், இரண்டு இடத்திலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுக்கச் சொல்லுங்கள். புண்ணில் இரத்தம் கசியும்போதும் நெகட்டிவை நம்பாதீர்கள். என் கருத்தில் உலர் தாளுக்கு மாறலாம். பாசிட்டிவ் வந்தால் அன்றே மருந்து எழுதலாம், சந்தேகமான நெகட்டிவுக்கு மட்டும் இன்னொரு துண்டைத் திசு ஆய்வுக்கு அனுப்புங்கள்.

தேனி லேப் டெக்னீஷியன்:
குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெல் கிட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பயன்படுத்தாமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். திசுவை வைத்தபின் 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தால் நிறம் விரைவாக மாறும். திசுவைப் பதப்படுத்தும், நொதியைக் கெடுத்துவிடும் ஃபார்மலினில் பட்ட இடுக்கியால் திசுவை எடுத்து கிட்டில் வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். முதலில் கிட், பிறகுதான் ஃபார்மலின் குப்பி. 24 மணி நேரம் கடந்து தோன்றும் சிவப்பைப் பாசிட்டிவ் என்று எழுதிவிடாதீர்கள், பிற கிருமிகளின் யூரியேஸும் நிறத்தை மாற்றும்.

குமுளி ஆய்வகர்:
மிக்க நன்றி, ஐயா. சிகிச்சை முடிந்தபின் கிருமி போய்விட்டதா என்று பார்க்க, விற்பனைப் பிரதிநிதி கொடுத்துச் சென்ற இரத்த ஆன்டிபாடி கார்டு போதுமா?

கம்பம் மருத்துவர்:
போதாது. கிருமி அழிந்த பிறகும் ஆன்டிபாடி (கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் புரதம்) மாதக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கேஸ் மாத்திரையை 2 வாரம் நிறுத்தியபின், யூரியா மூச்சுப் பரிசோதனையோ கிருமியின் புரதத்தை மலத்தில் தேடும் மல ஆன்டிஜென் பரிசோதனையோ செய்யுங்கள். மலப் பரிசோதனையில் ஆய்வகத்தில் செய்யும் மோனோகுளோனல் எலிசா முறைதான் விரைவு மலக் கார்டைவிட நம்பகமானது. மாதிரியைக் குளிரில் வைத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினால், தோட்டத்து ஆட்கள் மூச்சுப் பரிசோதனைக்காக மதுரை வரை அலைய வேண்டியதில்லை.