பூங்கா வரைபடத்தில் பெண் பிள்ளைகளின் யோசனையை எப்படிச் சேர்ப்பது?

குடமுருட்டிக்கரை:
கும்பகோணத்தை அடுத்த ஒரு பேரூராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் குளத்தின் தென்கரையில் பூங்கா வரப்போகிறது. வரைபடத்தில் சுற்றுச்சுவர், டீக்கடையைப் பார்த்து ஒரே ஒரு கேட், சறுக்குமரம், ஊஞ்சல், உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கின்றன. மீதி இடம் முழுக்க விளையாட்டுத் திடல். அதில் யார் கிரிக்கெட் ஆடுவார்கள் என்று சொல்லவே வேண்டாம். ஊஞ்சலில் பெரிய பிள்ளைகள் ஆடக்கூடாது என்று பலகை வேறு வைப்பார்களாம். ஒன்பதாம் வகுப்புப் பெண் எங்கே உட்காருவாள் என்று கேட்டேன். "அவர்கள் எங்கே வரப்போகிறார்கள் மேடம்?" என்று பதில் வந்தது. டியூஷன் விட்டு வரும் பெண்கள் பெட்டிக்கடை ஓரம் சைக்கிளைப் பிடித்தபடியே நின்று பேசிவிட்டுக் கலைவதைத் தினமும் பார்க்கிறேன். அவர்களையே கேட்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் கூட்டத்துக்கு அழைத்தால் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். என்ன செய்யலாம்?

தஞ்சை வரைவாளர்:
அக்கா, வியன்னாவில் 1990களில் பூங்காக்களைக் கவனித்தபோது ஒன்பது வயதுக்கு மேல் பெண் குழந்தைகள் வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. திடலைப் பையன்கள் பிடித்துக்கொண்டால் அவர்கள் மல்லுக்கு நிற்பதில்லை, வராமல் இருந்துவிடுகிறார்கள். 1999இல் ஐன்சீட்லர் பூங்கா உட்பட இரண்டு பூங்காக்களை மாற்றினார்கள். பெரிய திடலைப் பிரித்தார்கள், வாலிபாலுக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண்கள் திரும்பி வந்தார்கள். ஸ்வீடனின் உமியோவில் பெண் பிள்ளைகளோடு பேசி 2016இல் கட்டிய இடத்தில் கூரையும் விளக்கும் உண்டு. பெரிய ஊஞ்சல்களில் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் போனிலிருந்தே பாட்டு வைத்துக் கேட்கலாம்.

"என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். சறுக்குமரம் என்றுதான் சொல்வார்கள், பார்த்தது அதுதானே. இடத்துக்கே அழைத்துப் போய், எங்கே நிற்கப் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். விளக்கு போடும் நேரத்தில் போங்கள். வீட்டில் சொல்லிவிட்டுத்தான்.

ஊர்ப் பெரியவன்:
பெண் பிள்ளைகள் பொழுது சாய்ந்து குளக்கரையில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும்?

குடமுருட்டிக்கரை:
ஐயா, பெட்டிக்கடை ஓரம் நிற்கும்போதும் ஊர் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு நின்று கால் வலிப்பானேன்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
அம்மா, என் அனுபவத்தில் சில. நடுவில் உயரமான ஒரே கம்பம் போட்டால் புங்கமரத்தடி இருட்டாகத்தான் கிடக்கும். பாதை நெடுகக் குட்டைக் கம்பங்கள் போடச் சொல்லுங்கள். செடி இடுப்புக்கு மேல் வளரக்கூடாது. நம் பக்கம் களிமண். மண்ணடித்து மேடாக்காவிட்டால் ஐப்பசியில் பாதி பூங்கா சேறுதான். இரும்பு பெஞ்சை வரிசையாகப் போட்டால் பஸ் நிலையம் மாதிரி ஆகிவிடும். எதிரெதிராக இரண்டு திண்ணை கட்டலாம், செலவும் குறைவு. இன்னொரு கேட் கட்டாயம் வேண்டும். ஒரே கேட்டில் நாலு பேர் நின்றால் உள்ளே இருப்பவர் எப்படி வெளியேறுவார்?

குடமுருட்டிக்கரை:
போய் வந்தோம். பேனா கொடுத்தால் தயங்குவார்கள் என்று கோலமாவு கொடுத்தேன். திண்ணை, பாதை எல்லாவற்றையும் தரையிலேயே உண்மை அளவில் போட்டுவிட்டார்கள்! ஒரு பெண் திண்ணைக் கோட்டுக்குள் உட்கார்ந்து பார்த்து, "இங்கிருந்து கேட் தெரியவில்லை" என்று எழுந்து, கோட்டைக் காலால் அழித்துவிட்டுத் தள்ளிப் போட்டாள். டீக்கடைப் பக்கக் கேட் எல்லோருக்குமே ஆகவில்லை, கோயில் தெருப் பக்கம் வேண்டுமாம். கழிப்பறை வேண்டும், அது பூட்டாமல் இருக்க வேண்டும் என்றார்கள். ஊஞ்சல் பலகையைப் பற்றி அவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. கேட் மாற்றத்துக்கு மட்டும் அலுவலகத்தில் முகம் சுளிக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
டெண்டர் விடுவதற்குள் மன்றத்தில் தீர்மானம் போட்டுவிடுங்கள். பிறகு என்றால் ஒப்பந்ததாரர் கூடுதல் பணம் கேட்பார். பெண்கள் போட்ட கோலத்தைப் படம் எடுத்திருந்தால், அளவு குறித்துத் தீர்மானத்தோடு இணையுங்கள்.